மரம் போச்சு, தட்டு மட்டும் மாறல: சுங்கை சிப்புட் மாமா ஒருத்தரோட ஒரு வருஷ நீரிழிவு கேஸ்

மாமாகிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன். "எழுதிக்கோ பாப்பா, பேர மட்டும் போட்றாத, அப்புறம் கோயில்ல எவனும் எனக்கு சர்க்கரப் பொங்கல் குடுக்க மாட்டான்"னாரு, அதனால பேரு கெடையாது, மாமான்னே வெச்சுக்குவோம். வயசு 58. ஊரு மலேசியால சுங்கை சிப்புட், ஈப்போலருந்து கோலகங்சார் போற பழைய ரோட்டுல வருமே, அதே பட்டணம்தான். நான் ஈப்போல ஒரு பார்மசில வேல செய்றேன், மாமா வீட்டுக்கு ரெண்டு லோரோங் (சந்து) தள்ளி என் வீடு. நான் டாக்டரும் இல்ல டயட்டீஷியனும் இல்ல, மருந்து முடிவெல்லாம் கிளினிக்ல எடுத்ததுதான், பக்கத்துல இருந்து கணக்கு எழுதுனவ மட்டும்தான் நானு.

போன வருஷம் தைப்பூசம் முடிஞ்ச கையோட எடுத்த ரிப்போர்ட்டு இது: எடை 81 கிலோ, ஒசரம் 164 செண்டிமீட்டர், அப்ப பிஎம்ஐ (ஒசரத்துக்கு எடை சரியான்னு பாக்கிற கணக்கு) 30, இடுப்பு 102 செண்டிமீட்டர் (நம்ம ஆம்பளைங்களுக்கு 90க்குள்ள இருக்கணும்), வெறும் வயித்துல ரத்தத்துல சீனி 9.8 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு), எச்பிஏ1சி 8.9, பிரஷர் 148க்கு 92. எச்பிஏ1சின்னா ரத்தத்துல சீனியோட மூணு மாசத்து சராசரி மாதிரி, கிளினிக்குக்கு வர்றதுக்கு மொத நாள் பட்டினி கெடந்து ஏமாத்த முடியாத டெஸ்டு. மலேசியால 6.3 தொட்டாலே நீரிழிவுன்னு எழுதிடுவாங்க. மாமா ஏற்கனவே மெட்ஃபோர்மின் போட்டுக்கிட்டு இருந்தாரு, அன்னிக்கு கிளிக்கிளாசைடும் சேத்துக் குடுத்தாங்க. "இன்னொரு மாத்திர"ன்னு கேட்டதும் மாமா மொகம் போன போக்குலதான் இந்த கதையே ஆரம்பிச்சுது.

அந்த தட்டு யாருக்கு போட்டது

மாமா பதினேழு வயசுல மரம் வெட்ட, அதாவது தோட்டத்துல ரப்பர் மரத்த சீவி பால் எடுக்கப் போனவரு. அது 1980கள், உலகத்துலயே ரப்பர்ல மலேசியாதான் மொதல்ல இருந்த காலம். காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு, கெட்டியா ஒரு தேத்தண்ணி, பெரட்டுல (ஆள் கணக்கெடுக்கிற எடம்) பேரு குடுத்துட்டு தலைல லைட்ட மாட்டிக்கிட்டு இருட்டுலயே நெறைல (மர வரிசைல) எறங்கிடணும், வெயில் ஏறுனா பால் ஓட்டம் கொறஞ்சிடும். ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம் சொச்சம், ஒவ்வொரு மரத்துக்கும் நடக்கணும், குனியணும், நிமிரணும், அப்புறம் திரும்ப அதே நெறைய சுத்தி வந்து பால் எடுத்து வாளிய தூக்கிக்கிட்டு ஸ்டோருக்கு போகணும். அதுக்கு மேல சோறு மலை மாதிரி வெச்சா என்ன, தண்ணில ரெண்டு கரண்டி இனிப்புப் பால் ஊத்துனா என்ன, எல்லாம் வேர்வையா போயிடும்.

அப்புறம் ரப்பர வெட்டிட்டு செம்பனை வெச்சாங்க, அதுக்கப்புறம் நெலத்த வித்தாங்க, லயத்த (தோட்டத்து வரிசை வீடுங்கள) ஒடச்சு தாமான், அதாவது புது குடியிருப்பு வந்துச்சு. மாமா இப்ப ஒரு தொழிற்சாலைல ஜாகா (காவல்காரர்), ராத்திரி ஏழுலருந்து காலைல ஏழு வரைக்கும், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கேட்டு. வேல மாறி பதினொரு வருஷம் ஆச்சு, ஆனா வீட்ல சோத்த அளக்கிற டின்னு மாறல. ஆமா டின்னுதான், காலியான கெட்டிப்பால் டின்னு. நம்மாளுங்க முக்காவாசி வீட்ல அரிசி மூட்டைக்குள்ள ஒன்னு கெடக்கும். அத்தை வீட்டு டின்ன தராசுல வெச்சுப் பாத்தேன், தல தட்டி அளந்தா அரிசி 320 கிராம் கிட்ட வருது. ஒரு நாளைக்கு மூணு டின்னு, சாப்பிடுறது மூணு பேரு, அதுல மகன் ராத்திரி மட்டுந்தான் வீட்ல சாப்பிடுவான். மூணுல பாதி மாமா தட்டுக்குத்தான் போகுதுன்னு நான் சொன்னப்ப அத்தை, "பின்ன, வேலைக்குப் போற ஆம்பளைக்கு கொறச்சா போட முடியும்?"னாங்க. வேலைக்குப் போறாருதான், ஆனா என்ன வேல!

இத ஒரு ஆளோட சோம்பேறித்தனம்னு பாத்தா தப்பு. 2019 தேசிய சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல நூத்துக்கு 18.3 பேருக்கு நீரிழிவுன்னு வந்துச்சு, இந்தியர்கள மட்டும் எடுத்தா 31.4. 2023 ஆய்வுல நாட்டோட மொத்த கணக்கு 15.6க்கு எறங்கியிருக்கு, நல்லதுதான், ஆனா எங்க லோரோங்ல எந்த வீட்டு பிரிட்ஜ தொறந்தாலும் கதவுல இன்சுலின் பேனா இருக்கும்.

காலண்டர் தாளு

மொத வாரம் எதையும் மாத்தக் கூடாது, எழுத மட்டும் செய்யணும்னு சொன்னேன். நோட்டு வாங்கிக் குடுத்தேன், ரெண்டு நாளு எழுதல. மூணாவது நாளு அத்தையே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. செவுத்துல தொங்குற தினசரி காலண்டர்ல காலைல கிழிக்கிற தாளு இருக்கே, அது பின்னாடி எழுதி ஒரு கிளிப்புல மாட்டிடுறது. முன்னாடி ராகு காலம், பின்னாடி தே (தேத்தண்ணி) கணக்கு. அந்த தாள கிழிக்காம மாமாவுக்கு பொழுது விடியாது, அதனால இது ஒரு நாளும் தப்பல. இந்த ஒன்னுலதான் எனக்கு புத்தி வந்துச்சு, புதுசா ஒரு பழக்கத்த சும்மா தனியா கொண்டாந்து வெச்சா நிக்காது, ஏற்கனவே ஓடிட்டு இருக்கிற எதுலயாவது ஒட்டி விடணும்.

ஏழு தாள கூட்டிப் பாத்தா சீனி போட்ட தண்ணி 34 தடவ. நாளைக்கு அஞ்சு கிட்ட. நடந்தது போன் கணக்குப்படி சராசரி 2,100 அடி. மரம் வெட்டுறப்ப எவ்ளோ இருந்திருக்கும்னு கேட்டேன், சிரிச்சாரு.

தேத்தண்ணி

கெட்டிப்பால்ல பாதிக்கு மேல சீனிதான். ஒரு பெரிய கரண்டி 20 கிராம்னா அதுல 11 கிராம் சீனி, கடைல ஒரு தே தாரிக்குக்கு ரெண்டு கரண்டி ஊத்துனா 22 கிராம். மூணு தே குடிச்சாலே 66. உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஒரு நாளைக்கு மொத்தமா 50 கிராமுக்குள்ள, முடிஞ்சா 25. இதுக்கு மேல ராத்திரி கேட்ல ரெண்டு பாக்கெட்டு த்ரீ இன் ஒன் காப்பி வேற. 2019 ஜூலை 1லருந்து அரசாங்கம் இனிப்பு பானத்துக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டுச்சு, ஆனா அது டின்னு பாட்டில்ல வர்றதுக்குத்தான், ஒட்டுக்கடை அண்ணன் கையால இழுக்கிற தேவுக்கு எந்த வரியும் கெடையாது, அதோட அளவ எழுதி ஒட்டவும் மாட்டாங்க.

நான் பண்ண மொத தப்பு, ஒரேயடியா தே ஓ கோசோங்குக்கு, அதாவது பாலும் சீனியும் இல்லாத தேவுக்கு மாத்தச் சொன்னது. நாலு நாளு தாங்குச்சு. அஞ்சாவது நாளு தாளுல ஆறு தே எழுதியிருந்தாரு, கீழ "மன்னிக்கவும்"னு வேற.

அப்புறம்தான் கேட்டேன், என்ன பிரச்சனன்னு. ருசி இல்லையாம்னு நெனச்சேன், அதுவும் இருந்துச்சுதான், ஆனா பெரிய பிரச்சன வேற. கடைல போயி "கோசோங்"னு சத்தமா சொன்னா நாலு மேசையும் திரும்பிப் பாக்குது, "என்னா மாமா, இனிப்பு நீரா?"ன்னு கேக்குது, அப்புறம் ஆளாளுக்கு ஒரு வைத்தியம், வெண்டைக்காய ஊற வெச்சு குடிங்க, இந்த பவுடர வாங்குங்கன்னு. ஒரு தேவுக்கு இவ்ளோ பேச்சு கேக்கணுமான்னு பழையபடி கேட்டுடுறாரு. சரின்னு ஒரு நாளு மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமா நானே போயி அண்ணன்கிட்ட பேசினேன். அவரு ஒன்னும் பெருசா எடுத்துக்கல, "சொல்லவே வேணாம்மா, நான் பாத்துக்கிறேன்"னு சொல்லிட்டாரு. அதுலருந்து மாமா உக்காந்தா கிளாஸ் தானா வரும். மொத மூணு வாரம் ஒன்ற கரண்டி, அப்புறம் ஒன்னு, அப்புறம் தே சி கோசோங், அதாவது சீனி இல்லாத பால் மட்டும். "கூராங் மானிஸ்" (இனிப்பு கொறச்சு)ங்கிறத நான் நம்புறதில்ல, அது ஊத்துறவங்க கைய பொறுத்தது, இதுல கரண்டி கணக்கு இருந்துச்சு. வீட்ல அத்தை பெரிய கரண்டிய ஒளிச்சு வெச்சுட்டு டப்பால சின்ன கரண்டி போட்டுட்டாங்க, மாமா அத கண்டுபிடிக்கவே ரெண்டு வாரம் ஆச்சு.

காலைல நாலு மணி தே மட்டும் நாங்க தொடல. லீவு நாள்லயும் அந்த நேரத்துக்கு கண்ணு முழிச்சிடும் மனுசனுக்கு. அத எப்படி நிறுத்தச் சொல்றது, இருக்கட்டும்னு விட்டுட்டோம், பால் அளவு மட்டும் கொறஞ்சுது.

சோறு

கிளினிக் செவுத்துல சுகாதார அமைச்சோட தட்டு படம் ஒட்டியிருக்கும், சுக்கு சுக்கு செபாரோன்னு, மலாய்ல சுக்குன்னா கால் பங்கு. தட்டுல கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் கோழி பருப்பு, பாதி காய்கறி பழம். மாமா ரொம்ப நாளா அத சுக்குக் கசாயம் குடிக்கச் சொல்றாங்கன்னு நெனச்சுட்டு இருந்தாராம், இது உண்மையா என்னைய ஓட்டுறாரான்னு இன்னும் தெரியல.

அத்தை அந்த படத்த பாத்துட்டு, "காய்கறி தெனம் வெக்கிறேனே, உருளக்கெழங்கு பெரட்டல் இல்லாம என்னிக்கு வெச்சேன்"னாங்க. அங்கதான் கோளாறு. உருளக்கெழங்கு சோத்தோட கால் பங்குல சேர வேண்டிய சாமான், காய்கறி பக்கம் கெடையாது. கோழிக் கறில போடுற கெழங்கும் அப்படித்தான். கோழிக்கறி, சோறு, பெரட்டல்னு வெச்சா தட்டுல முக்காவாசி மாவுதான்.

மூணு டின்ன ரெண்டரை ஆக்குனோம், ஒரு மாசம் கழிச்சு ரெண்டு. வீட்டுக்குப் பின்னாடி முருங்க மரம் இருக்கு, பாசார்ல கங்கோங், சாவி கீரைங்க, தௌகே (மொளகட்டுன பயிறு) எல்லாம் மலிவு, வல்லாரை சும்மாவே மொளைக்குது. மாமாவுக்கு ஒரே ஒரு விதி: சோறு போடுறதுக்கு முன்னாடியே கீரைய தட்டுல வெச்சிடுவாங்க, அத முடிச்சுட்டுதான் சோறு. காய மொதல்ல சாப்பிட்டா சாப்பாட்டுக்கு அப்புறம் சீனி ஏறுற வேகம் கொறையும், வயித்துலயும் எடம் கொறையும். மொத வாரம் "என்ன ஆடு மாடா நானு"ன்னு கத்தல், அப்புறம் பழகிடுச்சு. காலைல கடைல ரெண்டு ரொட்டி சானாய் பசியாறுறது வாரத்துக்கு ரெண்டு நாளுன்னு ஆச்சு, மத்த நாளு வீட்ல முட்டையோ கொண்டக்கடலையோ.

நடக்கச் சொன்னா வந்த சண்ட

இதுலதான் ரொம்ப மல்லுக்கட்டு. ரயில் ஸ்டேசன் பக்கமா சாயந்திரம் நடந்துட்டு வாங்கன்னு சொன்னேன். அதுக்கு அவரு சொன்னது இன்னும் காதுல இருக்கு: "முப்பது வருஷம் நடந்துதான் சோறு தின்னேன், இப்ப சும்மா நடக்கணுமா? பாக்கிறவன் என்ன நெனப்பான்?" அவருக்கு நடைன்னா கூலி. கூலி இல்லாத நடை பைத்தியக்காரத்தனம். ஜிம்முக்கு போறவங்களுக்கு இது புரியாது, தோட்டத்துல வளந்தவங்களுக்கு புரியும்.

அதனால நடைக்கு ஒரு வேலைய கண்டுபிடிச்சோம். தொழிற்சாலைய ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா சுத்தி வரணும், மாமா அத மோட்டோல சுத்திட்டு இருந்தாரு. மோட்டோவ கேட்லயே விட்டுட்டு நடந்து சுத்துறதுன்னு ஆச்சு, ஒரு சுத்து பன்னெண்டு நிமிஷம், ராத்திரிக்கு அஞ்சு சுத்து. மொத சுத்த மட்டும் சாப்பிட்டு முடிச்ச ஒடனே வெக்கச் சொன்னேன், சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்தா தசை ரத்தத்துல இருக்கிற சீனிய இழுத்துக்கும், இன்சுலின் அவ்ளோ வேணாம். வாரத்துக்கு ஆறு ராத்திரின்னு வெச்சா 360 நிமிஷம், உலக சுகாதார நிறுவனம் கேக்கிற 150 நிமிஷத்த விட ரெண்டு மடங்குக்கு மேல, ஆனா மாமா வாயிலருந்து எக்சர்சைஸ்ங்கிற வார்த்தையே இன்னும் வரல.

இன்னொன்னு அவரே சேத்துக்கிட்டது. லாரி வந்து கேட்டு தொறக்க எந்திரிக்கிறப்ப கைய ஊனாம எந்திரிக்கிறது. ராத்திரிக்கு பத்துப் பதினாலு லாரி வரும். மொத மாசம் கைய ஊனாம முடியவே முடியல, தொடைல சத்தே இல்ல, மரம் வெட்டுன காலு. அஞ்சாவது வாரம் ஒரு நாளு போன் பண்ணி, "பாப்பா, பதினொன்னு, கை வெக்காம"ன்னாரு. அவ்ளோதான் பேச்சு, வெச்சுட்டாரு.

செருப்பு விஷயத்துல ஒரு கோளாறு நடந்துச்சு. நடக்க வசதியா இருக்கட்டும்னு பழைய கம்போங் அடிடாஸ் ரப்பர் சப்பாத்த சாக்ஸ் இல்லாம போட்டு நடந்து குதிகால்ல கொப்பளம். நீரிழிவு உள்ளவங்களுக்கு கால் புண்ணு வெளையாட்டு இல்ல, ஒணர்ச்சி கொறஞ்சிருந்தா வலியே தெரியாது. ரெண்டு வாரம் நடை நின்னு போச்சு. இப்ப சாக்ஸ் உண்டு, குளிச்சிட்டு வந்தா அத்தை காலப் பாப்பாங்க.

அந்த ராத்திரி

மூணாவது மாசத்துல நல்லா போயிட்டு இருக்கேன்னு மாமாவுக்கு ஒரு வெறி வந்துடுச்சு. யார்கிட்டயும் சொல்லாம ஒரு நாளு ராத்திரி சோத்த சுத்தமா விட்டுட்டு கங்கோங்கும் ஒரு முட்டையும் மட்டும் சாப்பிட்டு, மாத்திரைய வழக்கம் போல போட்டுட்டு, ரெண்டு சுத்து வேற சேத்து நடந்திருக்காரு. பத்தரை மணிக்கு போன் வருது, கூட வேல செய்ற நேப்பாளி தம்பி, "அங்கிள் கை நடுங்குது, சட்டையெல்லாம் வேர்வ"ன்னு மலாய்ல சொல்றான். மாமா பைல மீட்டர் இருந்துச்சு, குத்திப் பாக்கச் சொன்னேன், 3.3. நாலுக்குக் கீழ போனாலே ஆபத்து. மூணு சின்ன கரண்டி சீனிய தண்ணில கலக்கி குடுக்கச் சொல்லிட்டு போன வெக்காம காடிய எடுத்தேன். பதினஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப குத்துனா 4.9, அப்புறம் பிஸ்கட்டு. நான் போய்ச் சேந்தப்ப மாமா அந்த நாற்காலில உக்காந்துட்டு, "சீனிதான் காப்பாத்துச்சு பாரு"ன்னு என்னையவே நக்கல் பண்றாரு. எனக்கு அழுகைதான் வந்துச்சு, ஏன்னா தப்பு என்னோடது. மெட்ஃபோர்மின் மட்டும்னா இப்படி ஆகறது அபூர்வம், ஆனா கிளிக்கிளாசைடு நாம சாப்பிட்டமா இல்லையான்னு பாக்காது, கணையத்த பிழிஞ்சு இன்சுலின விட்டுக்கிட்டேதான் இருக்கும். பார்மசில வேல செய்றவளுக்கு இது தெரியாதா? தெரியும். சோத்த கொறைக்க ஆரம்பிச்ச அன்னிக்கே கிளினிக்ல சொல்லியிருக்கணும், சொல்லல. அடுத்த நாளு போனோம், டாக்டர் கிளிக்கிளாசைட பாதியா கொறைச்சாங்க. மாத்திர போடுறவங்க வீட்ல யாராச்சும் சோத்த கொறைக்கிறதா இருந்தா மொதல்ல அங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க, ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) சீட்டு.

என்ன ஆச்சு, எதனால ஆச்சு

மூணு மாசத்துல எச்பிஏ1சி 8.1, ஆறு மாசத்துல 7.4, தீபாவளிக்கு அப்புறம் 7.6ன்னு ஏறுச்சு (முறுக்கு, கறி விருந்து, மழையால சுத்துறதும் நின்னு போச்சு, எடை ஒன்ற கிலோ கூடுச்சு), வருஷக் கடைசில 7.2. எடை 75 கிலோ 500, இடுப்பு 95, பிரஷர் 134க்கு 84. பிஎம்ஐ 28, இன்னும் கூடத்தான்.

இதுல எவ்ளோ நடையால, எவ்ளோ மாத்திரையால? பிரிக்க முடியாது, ஏன்னா ரெண்டும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சுது, ஒரே ஒரு ஆளு வேற. ஆனா கிளிக்கிளாசைடு பாதியானதுக்கு அப்புறமும் சீனி எறங்குச்சே, அது சாப்பாடும் நடையும் செஞ்சதுன்னுதான் நான் நெனைக்கிறேன்.

பழக்கம் 21 நாள்ல வந்துடும்னு எல்லாரும் சொல்றாங்க. லண்டன்ல 96 பேர வெச்சு பண்ண ஒரு ஆய்வுல சராசரி 66 நாளுன்னு வந்துச்சு, ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏத்த மாதிரி 18லருந்து 254 நாளு வரைக்கும். மாமா தாள்கள பாத்தா அதேதான், கைய ஊனாம எந்திரிக்கிறது அஞ்சு வாரத்துலயே ஒட்டிக்கிச்சு, ஏன்னா லாரி ஹாரன் அடிச்சா எந்திரிச்சே ஆகணும். தே பத்து வாரத்துக்கு மேல இழுத்துச்சு. சோறு மாமாவோட பழக்கமா ஆகவே இல்ல, இன்னும் அது அத்தையோட கைதான். அத்தை ஒரு வாரம் தங்கச்சி வீட்டுக்கு பாகான் செராய் போனாங்க, அந்த ஏழு தாள பாத்தா டப்பாவ் பண்ண (கடைல கட்டி வாங்குன) மீ கோரேங் நாலு, நாசி லெமாக் மூணு. அப்ப இத மாமாவோட கேஸ்னு எழுதுறதே பாதி பொய். அளந்தது, கீர ஆஞ்சது, கரண்டிய ஒளிச்சது, கால பாத்தது எல்லாம் அத்தை.

இவ்ளோ நாளா அவங்கள டெஸ்ட் பண்ணணும்னு எனக்கு தோணவே இல்லங்கிறது எனக்கே வெக்கமா இருக்கு. போன மாசம்தான் கூட்டிட்டுப் போனேன். எச்பிஏ1சி 5.9. 5.7லருந்து 6.2 வரைக்கும் நீரிழிவுக்கு முந்தின கட்டம். மாமாவுக்கு நாங்க செஞ்சது எல்லாம் வந்ததுக்கு அப்புறம், அத்தைக்கு இன்னும் நேரம் இருக்கு. சென்னைல டாக்டர் ராமச்சந்திரன் குழு இந்த கட்டத்துல இருந்த 531 பேர வெச்சு பண்ண ஆய்வு 2006ல வந்துச்சு, சாப்பாடு நடைன்னு மாத்துனவங்களுக்கு நீரிழிவா மாறுறது 28.5 விழுக்காடு கொறஞ்சுது, மெட்ஃபோர்மின் குடுத்தவங்களுக்கு 26.4. நம்ம சோறு, நம்ம ஒடம்பு, நம்ம ஊரு ஆளுங்க, அதனால எனக்கு இந்த ஆய்வு மேல கூடுதல் நம்பிக்க.

அத்தைகிட்ட இத சொன்னப்ப, "எனக்கு ஏது நேரம், இவருக்கு சாப்பாடு குடுத்து அனுப்பிட்டுதான் நானே ஒக்காருறேன்"னாங்க. அத்தைக்கு கேட்டும் இல்ல, லாரியும் இல்ல, சுத்தி வர தொழிற்சாலையும் இல்ல, எதுல ஒட்டி விடுறதுன்னு நானும் யோசிச்சுட்டுதான் இருக்கேன். இப்போதைக்கு ஒன்னு மட்டும் நடந்திருக்கு. நேத்து காலைல போனப்ப காலண்டர் தாள கிழிச்சு வெச்சிருந்தாங்க, பின்னாடி நடுவுல ஒரு கோடு. எடது பக்கம் மாமா எழுத்து. வலது பக்கம் மாமாவேதான் எழுதியிருந்தாரு: "அவ, தே ரெண்டு, நாலு மணிக்கு என்கூட ஒன்னு."